கோபத்தை ஏறும்போதே பிடிப்பது எப்படி? புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோபம் உச்சிக்குப் போன பிறகு அதை அடக்குகிற வித்தை யாரிடமும் கிடையாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் "பத்து வரைக்கும் எண்ணு" என்று சொன்னால் அவருக்கும் சேர்த்து ஏச்சு விழும். நம்மால் செய்ய முடிந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான். கோபம் பாதி ஏறும்போதே தெரிந்துகொள்ள வேண்டும், உடம்பைத் தணிக்க வேண்டும், பேச வேண்டியதைத் தணிந்த பிறகு பேச வேண்டும்.

இது கைவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் எழுத்து மட்டும். அடுத்த இரண்டு வாரம் மூச்சும் தசைத் தளர்வும். அதற்குப் பிறகுதான் விலகுவது, யோசிப்பது, பேசுவது எல்லாம். வரிசையை மாற்ற வேண்டாம். நிறையப் பேர் மூச்சுப் பயிற்சியில் ஆரம்பிக்கிறார்கள். முதல் சண்டையிலேயே அது கைகொடுக்காமல் போகிறது. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

கோபமே வராத ஆளாக மாற வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு மட்டமான இலையைக் கொடுத்துவிட்டு, சுற்றிக் கொண்டுபோன பீடியில் பாதியைக் கழித்து ஒதுக்கினால் கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் சங்கத்துக்குப் போகலாம். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகலாம். வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் விழுந்தால் கழித்த பீடியும் திரும்பாது, பிள்ளையும் தள்ளிப்போகும்.

உடம்புக்குள் நடப்பது

மூளையில் அமிக்டலா என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால் போதும், யோசிக்கிற பகுதி விஷயத்தைப் பரிசீலிக்கும் முன்பே உடம்புக்கு உத்தரவு போய்விடும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கை கால் தசைகள் முறுக்கிக்கொள்ளும். பாம்பைப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். நம்மை மட்டம்தட்டிப் பேசினாலும் இதேதான் நடக்கும். இரண்டுக்கும் உடம்பு வித்தியாசம் பார்ப்பதில்லை.

ஏறினது இறங்க நேரம் வேண்டும். கணவன் மனைவி சண்டைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருந்தால்தான் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும். அந்த 20 நிமிடமும் சண்டையையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் உடம்பு அடங்காது. இடத்தை விட்டு விலகியும் தணியாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நாடி பார்க்கக் கருவி தேவையில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் எண் என்ன என்று இப்போதே பார்த்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம்.

ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடுங்கோபத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது என்று 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

கத்தித் தீர்த்தால் போய்விடுமா?

குக்கர் ஆவியைப்போல வெளியே விட்டுவிட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தட்டை எறிவது, சுவரைக் குத்துவது, தனியாகப் போய்க் கத்துவது எல்லாம் இந்த நம்பிக்கையில்தான். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் இதைச் சோதித்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடுதலாகத்தான் இருந்தது. 2024-இல் அவரும் சோஃபி க்யார்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மெதுவான மூச்சு, தியானம், தசைத் தளர்வு போல உடம்பின் கொதிப்பைக் குறைக்கிறவை கோபத்தைக் குறைத்தன. ஓட்டம் போலக் கொதிப்பை ஏற்றுகிறவை குறைக்கவில்லை. தினமும் காலையில் ஓடுவது உடம்புக்கு நல்லதுதான், அதை விட வேண்டாம். கோபத்தில் இருக்கும்போது மட்டும் ஓட்டம் வேண்டாம், மெதுவாக நடங்கள்.

முதல் இரண்டு வாரம்: மூன்று வரி எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செல்போனில் எழுதினாலும் சரி, வீட்டில் மற்றவர் கண்ணில் படாமல் பூட்டு இருக்கட்டும். கோபம் வந்த உடனே எழுத வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுங்கள். நேரம், இடம், நடந்தது, மனசில் ஓடிய முதல் நினைப்பு, உடம்பில் தெரிந்தது, கோபம் பத்துக்கு எத்தனை, நீங்கள் செய்தது, முந்தின ராத்திரித் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். இவ்வளவுதான்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்திருக்கும் ஒரு ஜூன் மாதத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவரின் நோட்டு இப்படி இருக்கும்:

"காலை 6.40. மடை. ராத்திரி நான் வைத்த கல் நகர்ந்திருந்தது. மேல்வயல்காரர் வரப்பில் நின்றார். முதல் நினைப்பு: வேணும்னே செஞ்சிருக்காரு, நம்மள இளக்காரமா நெனைக்காரு. காது சூடு, தாடை இறுக்கம். 8. கத்தினேன், பழைய வரப்புத் தகராறையும் இழுத்தேன். தூக்கம் 4 மணி நேரம். சாப்பாடு இல்லை, இரண்டு டீ."

கோபத்தைக் கிளப்பியது மடைக்கல் என்று அவர் நினைப்பார். நோட்டு வேறு மாதிரி சொல்கிறது. தூக்கம் நாலு மணி நேரம், வயிறு காலி, உள்ளே போனது டீ மட்டும். வரப்புக்கு வரும்போதே அவர் 3-இல் இருந்திருக்கிறார். அதற்கு மேல் "இளக்காரம்" என்ற ஒரு நினைப்பு சேர்ந்ததும் 8. கல்லை யார் நகர்த்தினார் என்று அவர் இன்னும் கேட்கவே இல்லை.

எழுதும்போது வழக்கமாக நேரும் கோளாறு, எதிராளியின் குற்றப்பத்திரிகையாக நோட்டு மாறிவிடுவது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அது குற்றப்பத்திரிகைதான். மூன்று வரிக்கு வெட்டுங்கள். இன்னொரு கோளாறு, பெரிய சண்டைகளை மட்டும் எழுதுவது. பஸ்ஸில் சில்லறைக்காக முணுமுணுத்தது, கேஸ் தீர்ந்ததற்கு வந்த எரிச்சல் என்று 2, 3 அளவில் வருபவற்றையும் எழுதினால்தான் ஏறுகிற பாதை தெரியும். பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்ததும் ஒருசேர வாசித்துப் பாருங்கள். ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் ஏணி

பத்துப் படி உள்ள ஏணியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 3 வரை எரிச்சல்: உச்சுக்கொட்டுவது, பதில் சுருங்குவது. 4 முதல் 6 வரை உடம்பு பேச ஆரம்பிக்கும். 7-க்கு மேல் குரல் உயரும், கை ஓங்கும். 9, 10-இல் நடந்தது பிறகு பாதிதான் ஞாபகம் இருக்கும்.

உங்களுக்கு வேண்டிய படி 4. அதன் அடையாளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பிடரி சூடாகும், ஒருவருக்கு வயிறு பிடிக்கும், இன்னொருவர் பல்லைக் கடிப்பார். நமக்கே தெரியாததைக் கூட இருப்பவர்கள் எப்போதோ கவனித்திருப்பார்கள். நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு சாயங்காலம் வீட்டில் கேளுங்கள்: "எனக்குக் கோவம் வரப்போகுதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" பதில் உடனே வரும். "தட்டத் தள்ளி வைப்பிய. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது." வாதாடாமல் அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்விக்கு வந்த பதிலுக்கே கோபப்பட்டால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

எண்ணெய் ஊற்றுபவை

தூக்கக் குறைவு, பசி, வலி, வெயில், டீ, மது. நோட்டில் இந்த ஆறில் ஒன்றாவது பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும். ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். உணவுக்கு இடையே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போக விடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்குத் திடீரென்று எரிச்சலும் நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது கோபமாகவே இருக்காது. சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே பாருங்கள். டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேண்டாம். பீடி சுற்றுகிறவர்களுக்கும் தையல் வேலைக்காரர்களுக்கும் கழுத்து வலியும் தோள் வலியும் நாள் முழுக்க 2-இலேயே வைத்திருக்கும். மணிக்கொரு தடவை சுளகையோ துணியையோ இறக்கி வைத்துவிட்டு எழுந்து தோளைச் சுழற்றுங்கள்.

மதுவைப் பற்றிச் சுற்றிவளைக்க வேண்டியதில்லை. குடித்திருக்கும்போது கீழே சொல்லப்போகும் எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது. அன்று எந்தத் தகராறையும் பேசித் தீர்க்க உட்காராதீர்கள்.

மூச்சு: மூன்றாம் வாரத்திலிருந்து

முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், நாற்காலியோ திண்ணையோ. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கு வழியாக நாலு எண்ணி இழுங்கள். கீழ்க்கை மட்டும் அசைய வேண்டும். ஆறு எண்ணி மூக்கு வழியாகவோ லேசாகக் குவித்த உதடு வழியாகவோ விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம், காலையில் டீக்கு முன் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை.

விடுகிற மூச்சு ஏன் நீளம்? மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாகக் குறையும். விடுகிற நேரத்தை நீட்டினால் அமைதிக்கான பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

தலை சுற்றினால், உதடு மரத்தால், நீங்கள் மூச்சை அளவுக்கு மேல் பெரிதாக இழுக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. மூச்சின் நீளத்தை வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள். தோள் மேலே ஏறினால் நெஞ்சால் மூச்சு விடுகிறீர்கள். ஒரு நாள் பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்து அது ஏறி இறங்குவதைப் பாருங்கள், பிடிபட்டுவிடும். நாலுக்கு ஆறு மூச்சுமுட்டினால் மூன்றுக்கு நாலில் ஆரம்பியுங்கள். பீடி சுற்றும் இடத்திலேயே உட்கார்ந்து செய்யாமல் முற்றத்துக்கு வாருங்கள். புகையிலைத் தூளை ஆழமாக இழுப்பதில் என்ன லாபம்?

இரண்டு வாரம் அமைதியான நேரத்தில் மட்டும் பழகுங்கள். பிறகு 3, 4 படியில் எட்டிலிருந்து பத்து மூச்சு. வண்ணார்பேட்டைச் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும் நேரம், பேங்க் வரிசை, தீபாவளிக்கு முந்தின வாரம் டவுன் ரதவீதியில் துணிக்கடைக் கூட்டத்தில் நசுங்கும் நேரம் எல்லாம் நல்ல பயிற்சிக் களங்கள். 8-இல் முதல்தடவை முயன்று பார்ப்பது நீச்சல் தெரியாதவர் வெள்ளத்தில் இறங்குவதுதான்.

தசைத் தளர்வு

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. பிறகு பலர் சுருக்கித் தந்திருக்கிறார்கள். பாயில் படுத்துக்கொண்டு ஒரு பகுதியை 5 முதல் 7 விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி அது தளர்வதைக் கவனியுங்கள். வரிசை: கைமுட்டி, முழங்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, கெண்டைக்கால். ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்றரை நிமிடம். முழுப் பலத்தில் முக்கால்வாசிக்கு மேல் இறுக்காதீர்கள். கெண்டைக்காலுக்குப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்குங்கள். விரலைக் கீழே நீட்டி இறுக்கினால் சுளுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடிபட்ட, அறுவை செய்த இடங்களை விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து கைமுட்டி, தோள், தாடை மூன்றை மட்டும் ஒரே நிமிடத்தில் உட்கார்ந்தபடியே செய்ய வரும். எதிரே ஆள் இருந்தாலும் தெரியாது.

முகத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீரை 20, 30 விநாடி அடித்தாலும் இதயத்துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். குற்றாலத்தில் தலையைக் கொடுத்தால் மனசு ஆறுவது உண்மைதான். சீசன் வரைக்கும் கோபம் காத்திருக்காதே.

விலகிப் போவதற்கும் ஒரு முறை உண்டு

5-ஐத் தாண்டிவிட்டால் மூச்சு போதாது, இடத்தை மாற்ற வேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். திடீரென்று எழுந்து போனால் எதிராளிக்கு அது அவமதிப்பு. பின்னாலேயே வந்து சண்டையைத் தொடர்வார்.

சொல்ல வேண்டியது மூன்று: என் நிலைமை, எவ்வளவு நேரம், திரும்பி வருவேன். "எனக்கு மனசு கொதிக்குது. அரைமணி நேரம் கழிச்சு வாரேன். வந்து பேசுவோம்." பெரியவர்களிடம், "இருங்க மாமா, தண்ணி குடிச்சிட்டு வாரேன்." "ஒன்கிட்ட மனுசன் பேசுவானா" என்று சொல்லிவிட்டுப் போனால் அது விலகல் கணக்கில் வராது, அடிதான்.

எங்கே போவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். வளவு வீடுகளில் இதுதான் சிக்கல், முற்றம் பொது, குழாயடி பொது, வாசலுக்கு வந்தாலே நாலு பேர் "என்ன?" என்று கேட்பார்கள். மொட்டை மாடி, கோயில் பிரகாரம், தெருமுனை வரை மெதுவாக ஒரு நடை, எதுவானாலும் சரி. ஆற்றங்கரைக்காரர்கள் படித்துறையில் உட்காரலாம். அந்த மனநிலையில் தண்ணீரில் இறங்க வேண்டாம். பைக்கை எடுக்கவே கூடாது. செல்போனையும் வைத்துவிட்டுப் போங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்போது போடும் குரல்பதிவு பத்து வருடம் பேசப்படும். டீக்கடையும் வேண்டாம். "இதச் சும்மா விடுவியாலே?" என்று ஒரு கூட்டாளி கேட்டால் 6 அந்த நிமிடமே 9 ஆகும்.

போன இடத்தில் சண்டையை ஓட்டாதீர்கள். கண்ணில் படும் ஐந்து பொருள், காதில் விழும் நாலு சத்தம் என்று எண்ணுங்கள், நாலுக்கு ஆறு மூச்சு விடுங்கள். 20 நிமிடம் கழித்து நாடி பாருங்கள். உங்கள் வழக்கமான எண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் திரும்புங்கள். வரவில்லை என்றால் இன்னும் நேரம் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிராளிக்குத் தண்டனை கொடுப்பது.

வயலிலும் தோட்டத்திலும் வாக்குவாதம் ஆரம்பித்தால் முதல் வேலை: கையில் இருக்கும் மண்வெட்டியையோ அரிவாளையோ கீழே வைத்துவிட்டு, அதிலிருந்து பத்தடி தள்ளி வாருங்கள். அந்தப் பத்தடிதான் வாய்த்தகராறு கொலைக்கேசாகாமல் காப்பாற்றுகிறது. வீட்டிலும் கட்டிலுக்கடியில் அரிவாள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால், பூட்டிய இடத்துக்கு மாற்றுங்கள்.

நினைப்பை விசாரிப்பது

தணிந்த பிறகு, நோட்டில் மூன்று வரி: நடந்தது என்ன, அதில் நான் சேர்த்தது என்ன, வேறு என்னவாக இருக்கலாம். நிகழ்வுக்கும் கோபத்துக்கும் நடுவே நம் நினைப்பு ஒன்று நிற்கிறது என்பதை 1950-களிலிருந்து வலியுறுத்தியவர் ஆல்பர்ட் எல்லிஸ்; இன்றைய சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அவர்.

மடைக்கல் கதைக்கே வருவோம். நடந்தது: கல் நகர்ந்திருந்தது. நான் சேர்த்தது: வேணும்னே, இளக்காரமாக. வேறு என்ன? தண்ணீர் வேகத்தில் புரண்டிருக்கலாம், மாடு இடறியிருக்கலாம், முறை முடிந்துவிட்டது என்று நினைத்து வேறு யாரோ திருப்பியிருக்கலாம். மேல்வயல்காரரே வேண்டுமென்று செய்திருக்கவும் செய்யலாம். அதை மறுக்கச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை நாலில் ஒன்றாக அதுவும் இருக்கட்டும்.

கோபத்துக்கு விறகு போடும் நினைப்புகள் சிலவே: வேணும்னே செஞ்சான், எப்பவும் இப்படித்தான், என்னை மதிக்கலை, நாலு பேர் முன்னால மானம் போச்சு. கடைசியானது இந்தப் பக்கம் ரொம்பப் பலமானது. பார்க்க ஆள் இருந்தால் எந்தச் சண்டையும் இரண்டு படி கூடத்தான் ஏறும், அதனால் விஷயத்தைக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுபோங்கள். 'நான்' என்று ஆரம்பித்த பேச்சு 'எங்க ஆளுவள என்னன்னு நெனச்ச' என்று மாறும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் தகராறு இரண்டு தெருத் தகராறாவது பல நேரம் அந்த ஒரு சொல்லில்தான். அது வாயில் வந்தாலே அன்றைய பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

யோசனை சுழன்றுகொண்டே இருந்தால் உங்களையே பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்: "முருகா, இதுல ஒனக்கு என்ன வேணும்?" வெளியாள் கேட்பதுபோலக் கேட்கும்போது கொஞ்சம் தூரம் கிடைக்கிறது.

திரும்பி வந்து பேசுவது

உட்கார்ந்து பேசுங்கள். குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, ஒரே ஒரு விஷயம். நடந்தது, எனக்கு ஆனது, எனக்கு வேண்டியது என்ற வரிசை.

"அண்ணாச்சி, ராத்திரி மடைக்கல்லு நகந்திருந்துச்சு. என் வயலுக்குத் தண்ணி வரல, நாத்து காயுது. இன்னைக்கு ராத்திரி பத்துலேர்ந்து காலைல நாலு வரைக்கும் எனக்கு விடுங்க."

மகனிடமானால்: "ஏலே, பன்னெண்டு மணி வரைக்கும் போன் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் போயிருது. பதினோரு மணிக்கு அணைச்சிரு."

கேட்பது நேரம், அளவு, இடம் என்று செய்யக்கூடியதாக இருக்கட்டும். "ஒழுங்கா இரு" என்றால் அவன் என்ன செய்வான்? "எப்பவும்", "ஒருநாளும்", "ஒங்க வீட்டு ஆளுக" மூன்றையும் விலக்குங்கள். பழைய கணக்கு வாயில் வந்தால், "அத இன்னொரு நாள் பேசுவோம்" என்று நீங்களே நிறுத்துங்கள். எதிராளி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது அடுத்த படி ஊர்ப் பெரியவரோ, பாசன சங்கமோ, மனுவோ, சத்தம் கூட்டுவதல்ல.

நழுவினால்

நழுவும். அன்றே மன்னிப்புக் கேளுங்கள். அதில் "ஆனா" என்ற சொல் வரக் கூடாது. "கத்தினது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். சின்னப் பிள்ளையானால் குனிந்து அதன் உயரத்துக்கு வந்து சொல்லுங்கள். ராத்திரி நோட்டில் ஒரே கேள்வி: எந்தப் படியில் எனக்குத் தெரிந்தது? போன மாதம் 8-இல் தெரிந்தது இந்த மாதம் 6-இல் தெரிந்தால் முன்னேற்றம்தான், அன்றைக்குக் கத்தியிருந்தாலும்கூட. எத்தனை தடவை வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, என்ன சேதம் என்ற நாலையும் தனித்தனியாகப் பாருங்கள். தடவைகள் குறையாமல் நேரம் மட்டும் குறைவது பலருக்கு நடக்கும்; அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

கை நீட்டியிருந்தால், பொருளை உடைத்திருந்தால், கோபத்துக்குப் பின் தற்கொலை எண்ணம் வந்தால், வேலை போகும் அளவுக்கு வந்திருந்தால், இரண்டு மாதம் ஒழுங்காகப் பழகியும் மாறவில்லை என்றால் போங்கள். மனச்சோர்வு ஆண்களிடம் அழுகையாக இல்லாமல் எரிச்சலாக வெளிப்படுவது உண்டு. தைராய்டு சுரப்பு கூடினாலும் படபடப்பும் எரிச்சலும் வரும்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலதிகாரியிடமும் போலீஸ்காரரிடமும் பணிவாக நிற்கிறவர் வீட்டுக்குள் மட்டும் அடிக்கிறார் என்றால், அவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. யாரிடம் விடலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. அடிபடுகிறவர், அவர் திருந்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்துக்கு 112. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும், குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையும் கேட்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் கொண்டுபோங்கள். குடிக்கும் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் கோபத்துக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கமும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.